ரேஸ் முடிந்ததும் ஷூ மூலைக்குப் போவது ஏன்? போட்டித் தேதியை நம்பிப் பயிற்சி செய்யலாமா?

அதிகாலை_445 கேட்டது:

ஜனவரித் தொடக்கத்தில் சென்னை மாரத்தான் முடிகிறது. அதுவரை விடியுமுன் பெசன்ட் நகரிலும் ஈசிஆரிலும் சாரை சாரையாக ஓடியவர்களில் பலரைப் பொங்கலுக்குப் பிறகு காணோம். ரெஜிஸ்ட்ரேஷன் திறந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியதும் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். மூன்றாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது. போன வருடம் சேர்த்ததெல்லாம் கரைந்துபோயிருக்கிறது.

ரேஸ் இல்லாவிட்டால் இவர்கள் ஓடியே இருக்க மாட்டார்கள் என்பது ஒரு கட்சி. ரேஸுக்காக மட்டும் ஓடுவதால்தான் நின்றுபோகிறார்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருப்பதாகத்தான் படுகிறது. அதனால் கேள்வியைக் கொஞ்சம் குறுக்கிக் கேட்கிறேன். போட்டித் தேதி எத்தனை வாரத்துக்கு ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும்? வருடத்துக்கு எத்தனை ரேஸ் வரை உதவி, எதற்கு மேல் தொல்லை? பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: வாரம் நான்கு நாள், மொத்தம் 40 கி.மீ. ஓடுபவர். ஹாஃப் (21.1 கி.மீ.) 2:08, அதாவது 2 மணி 8 நிமிடம். வரும் ஜனவரியில் முதல் ஃபுல் (42.195 கி.மீ.).

ஸ்பிளிட்_பார்ப்பவர்:

தேதியின் இழுப்பு பத்து வாரத்திலிருந்து பதினாறு வாரம் வரைதான். அதற்கு முன்னால் ரேஸ் காலண்டரில் இருக்குமே தவிர காலில் இருக்காது. காரணம் எளிது. எட்டு மாதம் தள்ளி ஒரு ரேஸ் இருக்கும்போது இந்தச் செவ்வாய்க்கிழமை ஓட்டத்தை விட்டால் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. பன்னிரண்டு வாரம் இருக்கும்போது அப்படியில்லை. ஞாயிறு லாங் ரன் (நீண்ட ஓட்டம்) வரிசையில் 22, 24, 26 கி.மீ. என்று எண்கள் ஏறிக்கொண்டிருக்கும். ஒன்றை விட்டால் பயிற்சி ஷீட்டில் ஓட்டை பளிச்சென்று தெரியும். எழுப்புவது அந்த ஓட்டைதான்.

வழக்கமாக நடக்கும் தப்பு இது. ஜூலையில் சலுகை விலைக்குப் பதிவு செய்கிறார்கள், காசு கட்டிய சூட்டில் அன்றே மாரத்தான் பிளானையும் தொடங்கிவிடுகிறார்கள். 25 வாரம் எந்த உற்சாகமும் தாங்காது. அக்டோபரில் 30 கி.மீ. ஓடி முடித்துவிட்டு நவம்பரில் சலித்துப் போகிறார்கள். அப்போது பார்த்து வடகிழக்குப் பருவமழையும் வந்து சேரும். மழையைக் காரணம் சொல்வார்கள், ஆனால் எண்ணெய் அதற்கு முன்பே தீர்ந்திருக்கும்.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை 10 கி.மீ.க்கான பயிற்சி மட்டும். அதில் மாரத்தான் என்ற பேச்சே வேண்டாம். கடைசியில் ஒரு 10 கி.மீ. ரேஸ், கிடைக்காவிட்டால் நீங்களே கடிகாரம் பார்த்து ஓடும் டைம் டிரையல். சென்னைக்குப் பதினாறு வாரக் கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.

இந்த டிரையலின் வேலை உற்சாகம் மட்டுமல்ல. ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்கும் ரீகல் சூத்திரம் தெரிந்திருக்கும்: புதிய தூரத்தைப் பழைய தூரத்தால் வகுத்து, அதை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். 2:08 ஹாஃப் ஓடுபவருக்கு 10 கி.மீ. 58 நிமிடம் வரும். ஃபுல் 4:27 வரும். அந்த 4:27-ஐ அப்படியே நம்பக் கூடாது. வாரம் 40 கி.மீ. ஓடுகிறவருக்கு முப்பதாவது கி.மீ.க்கு மேல் கால் கனக்கும். சூத்திரத்துக்கு அது தெரியாது. பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்து 4:40 என்று வையுங்கள், கிலோமீட்டருக்கு 6:38 (6 நிமிடம் 38 விநாடி). டிரையலில் 58-க்குப் பதில் 56 வந்தால் இலக்கை 4:30-க்கு இறக்கலாம், அதாவது 6:24. 61 வந்தால் 4:40 கூட ஆசைதான். செப்டம்பரிலேயே இது தெரிந்துவிட்டால் டிசம்பரில் மனம் உடையாது.

நடுவில் ஒரு ஹாஃப் போடலாம். முழு வேகத்தில் ஓடுவதானால் ஃபுல்லுக்கு ஐந்தாறு வாரம் முன்பாக. கோவை மாரத்தான் டிசம்பரில் வருவதால் சென்னைக்குச் சுமார் மூன்று வாரம்தான் மிஞ்சும். அங்கே ஓடுங்கள், ஆனால் மாரத்தான் பேஸில் (ஃபுல்லுக்கு வைத்த வேகத்தில்) ஓடுங்கள். சொல்வது சுலபம், பிப் (மார்பில் குத்தும் ரேஸ் எண்) மாட்டியதும் 6:38 ஓட வேண்டிய கால் 5:55-இல் போகும். முதல் ஐந்து கி.மீ. மெதுவான பேசர் பஸ்ஸுக்கு (குறித்த வேகத்தில் ஓடும் வழிகாட்டியும் அவரோடு ஓடும் கூட்டமும்) பின்னால் ஒளிந்துகொள்வதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

டிஎன்எஃப்_பரவாயில்லை:

மேலே சொன்னது ஒழுங்காக ஒரே ரேஸை நோக்கி ஓடுகிறவர்களுக்கு. எனக்குக் கவலை மறுபக்கத்தில் இருக்கிறவர்களைப் பற்றி. ஞாயிறு தவறாமல் ரேஸ், சுவரில் மெடல் மாட்ட ஆணி இல்லை, நேரம் மட்டும் மூன்று வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிறகு ஒருநாள் "மூடே வரமாட்டேங்குது சார்" என்பார்கள்.

கணக்கு போடுங்கள். முழு மூச்சில் ஓடும் ஒரு ஹாஃப்புக்கு முன்னால் ஒரு வாரம் குறைத்து ஓட வேண்டும். பின்னால் ஏழு முதல் பத்து நாள் காலுக்கு ஓய்வு. ஆக ஒரு ஹாஃப் சுமார் இரண்டரை வாரப் பயிற்சியை விழுங்கும். பன்னிரண்டு வாரத்தில் நான்கு ஹாஃப் ஓடினால் பத்து வாரம் போயிற்று. மீதி இரண்டு வாரத்தில் எதை வளர்ப்பது? முன்னேற்றம் இல்லாத இடத்தில் ஆர்வம் தங்காது. நேரம் குறையாததுதான் மூடைக் கெடுக்கிறது, இவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வருடத்துக்கு உயிரைக் கொடுத்து ஓடுவது ஃபுல்லாக இருந்தால் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. ஹாஃப் மூன்று. மற்றவை பயிற்சியின் ஓர் அங்கமாக, முன்கூட்டியே எழுதி வைத்த வேகத்தில்.

அடுத்தது, மூடு இல்லை என்று சொல்பவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையில் உடம்புதான் மறுக்கிறது. பிரித்துப் பார்க்க ஒரு நோட்டு போதும். நான்கு கட்டம்: தூங்கிய மணி நேரம், எழுந்ததும் படுக்கையிலேயே எடுத்த நாடித்துடிப்பு, கிளம்பும்போது மனநிலை ஐந்துக்கு எத்தனை, ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் எத்தனை. கிளம்பும்போது 2, பத்தாவது நிமிடத்தில் 4 என்று இருந்தால் அது வெறும் சோம்பல். எல்லோருக்கும் உண்டு, ஓடிக்கொண்டே இருங்கள். 2 என்று கிளம்பி 2-இலேயே நின்றால், அதுவும் தொடர்ந்து ஐந்தாறு ஓட்டம் அப்படியே இருந்தால், கூடவே காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால், அதன் பெயர் களைப்பு. அவருக்குப் புது ரேஸ் ரெஜிஸ்டர் செய்து கொடுப்பது தூக்கமில்லாதவனுக்குக் காபி கொடுப்பது மாதிரி. ஒரு வாரம் பாதித் தூரமாகக் குறையுங்கள். இரண்டு வாரத்திலும் தேறாவிட்டால் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, வைட்டமின் டி, பி12. ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் 30-க்குக் கீழே கிடப்பது ஓடும் பெண்களிடமும் சைவ உணவுக்காரர்களிடமும் சகஜம். இரும்புச்சத்து மாத்திரையை டாக்டர் சொல்லாமல் விழுங்க வேண்டாம்.

மூன்றாவது, பழிவாங்கும் ரேஸ். ஃபுல் சொதப்பிவிடும். அன்று சாயங்காலமே, வலிக்கிற தொடையோடு, ஆறு வாரம் தள்ளி இன்னொரு ஃபுல்லுக்குப் பணம் கட்டுவார்கள். நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் 1974 காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் 2:11:18 ஓடி வெள்ளி வாங்கியவர். ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் ஓய்வு என்ற வழக்கு அவர் பெயரில்தான் நிற்கிறது. மாரத்தானுக்கு 26 நாள். ஆறு வாரத்தில் 26 நாளும், ரேஸுக்கு முன் தூரத்தைக் குறைக்கும் டேப்பர் இரண்டு வாரமும் போனால் கையில் நிற்பது இரண்டு நாள்! ரேஸ் முடிந்து இரண்டு வாரத்துக்கு கார்டையும் யுபிஐயையும் வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

சிறுதூரம்:

இருவரும் தேதியைப் பற்றியும் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதே ரேஸ், அதே நாள், இருவர் ஓடுகிறார்கள். ஒருவர் செவ்வாய்க்கிழமையே மெதுவோட்டத்துக்கு வந்துவிடுகிறார், இன்னொருவர் ஆறு மாதம் தலைமறைவு. வித்தியாசம் இலக்கை எப்படி வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

நான்கு மணி நேரம் என்பது ஒரு கோடு. 3:59:50 ஓடியவருக்கும் 4:00:40 ஓடியவருக்கும் உடம்பில் எந்த வேறுபாடும் இல்லை, ஆனால் இரண்டாமவர் தோற்றவராக வீட்டுக்குப் போகிறார். கிட்டத்தட்ட ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களை அலசி 2017-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வில் 3:00, 3:30, 4:00 ஆகியவற்றுக்குச் சற்றுக் கீழே நேரங்கள் குவிந்து கிடந்தன. கடைசி இரண்டு கிலோமீட்டரில் அந்த வட்ட எண் காலை இழுக்கிறது என்பது நல்ல விஷயம்தான். ஆனால் 32-ஆவது கி.மீ.யிலேயே அது கைநழுவியது தெரிந்தால் அதே எண் ஆளை நடக்க வைத்துவிடும். "இனிமே என்ன இருக்கு" என்று ஒரு நடை இருக்கிறதே, வழியில் தண்ணீர் கொடுக்கும் ஏய்ட் ஸ்டேஷன் வாலண்டியர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ரேஸ் இதைக் கையாளும் விதம் பிடிக்கும். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 88 கி.மீ.; 12 மணி நேரக் கெடு. ஒன்பது மணி நேரத்துக்குள் வந்தால் பில் ரோவன் மெடல், பத்துக்குள் ராபர்ட் ம்ட்ஷாலி, பதினொன்றுக்குள் வெண்கலம், பன்னிரண்டுக்குள் விக் கிளாப்பம். ஒன்று தவறினாலும் அடுத்த மணி நேரத்தில் இன்னொன்று காத்திருக்கிறது. நடந்து போக மனம் வராது. உங்கள் 4:40 காரருக்கும் அதே மாதிரி படிகள் வையுங்கள்: 4:40, 4:50, 5:00. கூடவே முடிவு நேரத்துக்குச் சம்பந்தமில்லாத இரண்டு: பின்பாதி முன்பாதியைவிட எட்டு நிமிடத்துக்கு மேல் கூடாமல் இருப்பது, 40 நிமிடத்துக்கு ஒரு எனர்ஜி ஜெல் தவறாமல் எடுப்பது. ஜனவரியிலும் சென்னை விடியற்காலை 22, 23 டிகிரி இருக்கும், காற்றில் ஈரம் வேறு. நேரம் உங்கள் கையில் பாதிதான். ஜெல் முழுக்க உங்கள் கையில்.

அப்புறம் ஒரு சில்லறை விஷயம், ஆனால் இதனால் எத்தனை பேர் மனம் கசந்தார்கள் என்று சொல்லி மாளாது. 4:40-க்கு 6:38 என்பது சரியாக 42.195 கி.மீ. ஓடினால். பாதையை அளப்பவர்கள் வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைக்கிறார்கள். நீங்கள் வளைவில் அகலமாகத் திரும்பி, தண்ணீருக்கு ஓரம் போய், வந்து சேரும்போது வாட்ச் 42.6 காட்டும். அப்போது 4:40-க்கு வேண்டியது 6:34. வாட்ச் சராசரி 6:38 என்று காட்டக் காட்ட ஓடியவர் 4:42:30-இல் முடிப்பார், "கோர்ஸ் தப்பு" என்று சண்டை போடுவார். வாட்சை நம்பாமல் கிலோமீட்டர் போர்டுக்குப் போர்டு நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.

மெடல் விவகாரத்துக்கு வருகிறேன். ஸ்டான்ஃபோர்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட சோதனை பிரபலம். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள நர்சரிக் குழந்தைகளில் சிலருக்கு "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த குழந்தைகளுக்கு அப்படிக் குறையவில்லை. நாற்பது வயது ஐடிக்காரரும் நர்சரிக் குழந்தையும் ஒன்றல்ல என்பது சரி. ஆனால் ஓட்டம் பிடித்திருந்த ஒருவரிடம் எல்லா ஓட்டத்துக்கும் மெடலைக் காரணமாக்கினால், மெடல் இல்லாத பிப்ரவரியில் ஓடக் காரணம் எங்கிருந்து வரும்? பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் இருக்கிறது. நேரப் பதிவு கிடையாது, பரிசு கிடையாது, செம்மண் பாதை. சென்னை முடிந்து நான்கைந்து வாரம் கழித்து அங்கே பத்து கி.மீ. மட்டும் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்ல யோசனை. பதிவை ஜனவரிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ரேஸ் முடிந்த வெறுமையில் யாரும் லேப்டாப்பைத் திறந்து படிவம் நிரப்ப மாட்டார்கள்.

அதிகாலை_445:

மூவருக்கும் நன்றி. எண்ணெய் தீர்ந்த கதையும் 42.6 கதையும் இங்கே பலருக்கு அப்படியே பொருந்தும். இரண்டு மட்டும் பாக்கி. ஃபுல் முடிந்த அந்த முதல் மாதம் என்ன செய்ய வேண்டும்? ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயிலில் ரேஸும் இல்லை, மூடும் இல்லை, அதை எப்படிக் கடத்துவது?

ஸ்பிளிட்_பார்ப்பவர்:

முதல் மாதத்தை ரேஸுக்கு முன்பே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். முதல் வாரம் ஓட்டமே இல்லை, தினம் அரை மணி நடை. இரண்டாம் வாரம் மூன்று முறை அரை மணி ஓட்டம், வாட்ச் இல்லாமல். மூன்றாவது வாரம் பழைய தூரத்தில் பாதி, நான்காவதில் முக்கால். நான்காம் வாரம் மெதுவோட்டத்தின் கடைசியில் 20 விநாடி வேக ஓட்டம் ஐந்தாறு. பலர் முதல் வாரமே ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள், அல்லது ஓய்வு என்று நிறுத்தி ஐந்தாவது வாரம் திரும்ப மறக்கிறார்கள். "ஓய்வு" என்று வெறுமனே எழுதாமல் முடியும் தேதியையும் எழுதுங்கள்.

வெயில் காலத்துக்கு: அமெரிக்காவில் ஹிக்சன் 1980-களில் செய்த சோதனைகளில், வாரம் ஆறு நாள் பயிற்சி செய்தவர்கள் கடுமையைக் குறைக்காமல் நாளை மட்டும் இரண்டாகக் குறைத்தும் பதினைந்து வாரம் ஆக்சிஜன் கொள்திறனை இழக்கவில்லை. லாங் ரன் தாங்கும் கால் அப்படி நிலைக்காது. ஆனால் மூச்சு நிலைக்கும். ஆக, சித்திரை வெயிலில் ஐந்து நாள் ஓட முடியவில்லையே என்று ஒரேயடியாக நிறுத்துவது தேவையில்லாத நஷ்டம். வாரம் இரண்டு நாள், அதில் ஒன்று கடுமையாக. ஐந்து மணிக்கே தொடங்கி ஆறுக்குள் முடித்துவிடுங்கள்.

சிறுதூரம்:

அந்தக் கடுமையான நாளுக்கு 5 கி.மீ.யை வைத்துக்கொள்ளுங்கள். ரேஸ் வேண்டாம், 400 மீட்டர் ட்ராக் இருந்தால் போதும்: பன்னிரண்டரைச் சுற்று. 2:08 ஹாஃப் காரருக்கு சூத்திரப்படி 27:50 வரும், சுற்றுக்கு 2:13 அல்லது 2:14. எட்டு வாரம், வாரம் ஒரு நாள் 400 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றும் 2:10, நடுவில் ஒன்றரை நிமிடம் மெதுவாக. டிரையலை மார்ச் கடைசியில் ஒரு முறை, மே கடைசியில் ஒரு முறை ஓடுங்கள். மே மாதத்து நேரம் மார்ச் நேரத்துக்குச் சமமாக இருந்தாலே அது முன்னேற்றம், ஏனென்றால் வெயிலும் புழுக்கமும் இடையில் ஏறியிருக்கும். முதல் சுற்றை 2:02-இல் ஓடிவிட்டு எட்டாவது சுற்றில் செத்துப்போவதுதான் எல்லோரும் செய்வது. இரண்டாவது சுற்று முடியும்வரை பேச்சு வரும் அளவுக்கே ஓடச் சொல்லுங்கள். ட்ராக்கில் வாட்ச் ஜிபிஎஸ் பிசகும், சுற்றைக் கையால் எண்ணுங்கள்.

குழுவாக இருந்தால் ரிலே இன்னும் நல்லது. ஜப்பானில் எகிடென் என்ற ரிலே ஓடுகிறவர்கள் தோளில் குறுக்காக டசுகி என்ற துணிப்பட்டையை மாட்டி அடுத்தவருக்குக் கைமாற்றுவார்கள். நாலு பேர், ஆளுக்கு 5 கி.மீ., ஒரு பழைய துண்டு. தனக்காக எழாத ஆள் துண்டுக்காகக் காத்து நிற்கும் ஆளுக்காக எழுந்து வருவார்.

டிஎன்எஃப்_பரவாயில்லை:

இன்னொன்றைக் கேட்க மறந்துவிட்டீர்கள், நானே கேட்டுக்கொள்கிறேன். சென்னை ஜனவரித் தொடக்கம், மும்பை ஜனவரி மூன்றாவது ஞாயிறு. பெரும்பாலும் இரண்டு வாரமே இடைவெளி. ஆகஸ்டில் உற்சாகத்தில் இரண்டுக்கும் ஃபுல் பதிவு செய்து, ரயில் டிக்கெட்டும் எடுத்து வைத்தவர்கள் இங்கே குறைந்தது அரை டஜன் இருப்பார்கள்.

அப்படி ஆகிவிட்டால் எது உயிர் ரேஸ் என்று இன்றே முடிவு செய்யுங்கள். மும்பை என்றால், சென்னையில் ஃபுல்லை ஹாஃப்பாக மாற்ற அமைப்பாளர்கள் அனுமதிக்கிறார்களா, கடைசித் தேதி எது என்று பாருங்கள். மாற்ற முடிந்தால் அந்த ஹாஃப்பை மும்பை வேகத்தில் மட்டும் ஓடுங்கள். முடியாவிட்டால் 21-இல் விலகிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, என் பெயரைப் பாருங்கள்: டிஎன்எஃப் என்றால் ரேஸை முடிக்கவில்லை என்று அர்த்தம். சென்னை என்றால் மும்பைக்குப் போய்வாருங்கள், வடா பாவ் சாப்பிடுங்கள், நண்பருக்குக் கைதட்டுங்கள். உங்கள் பிப்பை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அவர் வழியில் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழுவுக்குத் தெரிவது உங்கள் பெயர், உங்கள் ரத்த வகை, உங்கள் வீட்டு நம்பர்.